லிங்கின் பார்க்: 'ரீஅனிமேஷன்' எடுக்கலாமா, 'கொலிஷன் கோர்ஸ்' எடுக்கலாமா?

அமெரிக்க ராக் குழுவான லிங்கின் பார்க்கின் ஹிப் ஹாப் முயற்சிகளில் ஒரே ஒரு சிடி வாங்குவது என்று முடிவு செய்தபோது என் முன்னால் இரண்டு இருந்தன. 'ஹைப்ரிட் தியரி' ஆல்பத்தைப் பிரித்துப் போட்டு மாற்றி அமைத்து 2002-இல் வந்த 'ரீஅனிமேஷன்' ஒன்று. 2004-இல் ராப் பாடகர் ஜே-ஸீயோடு சேர்ந்து செய்த 'கொலிஷன் கோர்ஸ்' இன்னொன்று. நான் முதலாவதை எடுத்தேன். அதனால் தராசு அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும்.

புகழ் என்று பார்த்தால் பேச்சே வேண்டாம். 'கொலிஷன் கோர்ஸில்' உள்ள 'நம்ப்/என்கோர்' கிராமி விருது வாங்கிய பாட்டு. லிங்கின் பார்க் கேட்காதவர்கள்கூட அதைக் கேட்டிருப்பார்கள். ஆனால் 'கொலிஷன் கோர்ஸ்' ஆறே டிராக், இருபது நிமிடச் சொச்சம். 'ரீஅனிமேஷனில்' இருபது டிராக், ஒரு மணி நேரம். சரி, இதெல்லாம் அட்டையைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது ஒன்றுதான்: பல தடவை கேட்டாலும் தாங்குமா? 'கொலிஷன் கோர்ஸ்' மேஷ்-அப், அதாவது இரண்டு பாட்டுகளை ஒன்றாகக் கலப்பது. லிங்கின் பார்க் இசைமேல் ஜே-ஸீயின் வரிகள், அவர் பீட்மேல் இவர்கள் குரல். பழைய பதிவுகளை அப்படியே ஒட்டாமல் குரல்களைப் புதிதாகவும் பாடிப் பதிந்தார்கள். அந்த உழைப்பு காதில் விழுகிறது. இருந்தாலும் அதன் சுவை முக்கால்வாசி 'அட, இது அதோடு சேருதே!' என்ற வியப்பில்தான் இருக்கிறது. எங்கே சேர்கிறது என்று தெரிந்த பிறகு, எனக்கு மூலப் பாட்டையே கேட்கலாம் என்று தோன்றிவிடுகிறது.

'ரீஅனிமேஷனில்' குழுவின் ராப் பாடகர் மைக் ஷினோடா பாட்டுகளை வெவ்வேறு ஆட்களிடம் கொடுத்து அஸ்திவாரத்திலிருந்து மாற்றிக் கட்ட வைத்தார். 'ஃபர்காட்டன்' பாட்டு ஹிப் ஹாப் தயாரிப்பாளர் ஆல்கெமிஸ்ட் கையில் நிதானமான பீட்டாகிறது. ராப் பாடகர் சாலி டூனாவின் அடித்தொண்டைக் குரல் உள்ளே வந்ததும் பாட்டின் கோபமே வேறு மாதிரி ஆகிவிடுகிறது. 'க்ராலிங்' மூலத்தில் மூன்றரை நிமிடம். இங்கே ஐந்தரை நிமிடத்தையும் தாண்டி மெல்ல மெல்ல ஏறுகிறது. குழுவின் பாடகர் செஸ்டரோடு ராக் பாடகர் ஆரன் லூயிஸும் பாடுகிறார். தெரிந்த வரி எப்போது வரும் என்று காத்திருக்க வைக்கும் ரீமிக்ஸ் இது. ஹெட்ஃபோனில் கேட்டால் குழுவின் டிஜே ஜோ ஹான் இசைத்தட்டைத் தேய்த்துச் செய்யும் ஸ்க்ராட்ச் வேலைகளில் இன்னமும் புதிதாக ஏதாவது மாட்டுகிறது.

குறையும் உண்டு. எல்லாமே ஹிப் ஹாப் இல்லை. ராக் பாடகர் ஜோனதன் டேவிஸ் பாடும் 'ஒன் ஸ்டெப் க்ளோசர்' மாதிரி சில டிராக்குகள் எலக்ட்ரானிக் பக்கம் போய்விடுகின்றன. நடுவில் வரும் சின்னத் துண்டுகளை நான் தாண்டிவிடுவேன். பாட்டுப் பெயர்களைச் சிதைத்து எழுதியிருப்பதால் தேடுவதும் பெரும்பாடு. இதில் பாடியிருக்கும் பிளாக் தாட், ஃபாரோ மாங்க் போன்ற ராப் பாடகர்களின் சொந்த ஆல்பங்களை நான் அதிகம் கேட்டதில்லை. அவர்கள் தரத்துக்கு இது எப்படி என்று ராப் ரசிகர்கள்தான் சொல்ல வேண்டும்.

ஜே-ஸீ ரசிகராக இருந்தால் யோசிக்காமல் 'கொலிஷன் கோர்ஸ்' வாங்குங்கள். அதோடு வரும் டிவிடியில் பாட்டுகள் உருவானதையும் மேடையில் பாடியதையும் பார்க்கலாம். நண்பர்கள் கூடும் இடத்தில் ஸ்பீக்கரில் போடவும் அதுதான் சரி. 'ரீஅனிமேஷன்' போட்டால் மூன்றாவது பாட்டில் யாராவது மாற்றச் சொல்வார்கள்.