திசுக் கற்றாழை: குழித்தட்டுக்கு நாலு ஸ்டார், பாட்டிலுக்கு ஒன்று

சாத்தான்குளம் பக்கம் கற்றாழைக் கன்றை யாராவது காசு கொடுத்து வாங்கினால் ஊரே சிரிக்கும். சோற்றுக் கற்றாழை விதை பிடிப்பது அபூர்வம், ஆனால் தாய்ச்செடியைச் சுற்றிப் பக்கக் கன்று தானாக வந்துகொண்டே இருக்கும், பக்கத்து விளையில் கேட்டால் சாக்கில் அள்ளிக் கொடுப்பார்கள். நான் 400 செடி காசு கொடுத்து வாங்கினேன். காரணம் 2023 டிசம்பர் மழை. 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 செ.மீ.க்கு மேல் கொட்டியதே, அதே மழைதான். எங்கள் தேரி மண்ணில், அதாவது செம்மணலில், தண்ணீர் நிற்காது என்று நம்பி இருந்தோம், தாழ்வான பக்கம் நின்றுவிட்டது. அடித்தண்டு கொழகொழவென்று அழுக ஆரம்பித்தது, அங்கிருந்து எடுத்து மேட்டில் நட்ட பக்கக் கன்றும் ரெண்டு மாதத்தில் அதே மாதிரி அழுகியது. அழுகல் கன்றோடு சேர்ந்தே வருகிறது என்று புரிய எனக்கு மூன்று நடவு ஆனது.

சரி, ஜி-9 ரக வாழைக்குத் திசுக் கன்று, அதாவது லேப்பில் பாட்டிலுக்குள் வளர்த்த கன்று, வாங்குகிறோம், இதற்கும் வாங்கிப் பார்ப்போம் என்று கோயம்புத்தூர் பக்கம் ஒரு லேப்பில் சொல்லிவைத்தேன். பெயர் போடவில்லை, பாதிக் குறை என் மேலும் இருக்கிறது. ரெண்டு விதமாக விற்கிறார்கள்: குழித்தட்டில் வைத்துப் பதப்படுத்திய, அதாவது வெளிக்காற்றுக்கும் வெயிலுக்கும் பழக்கிய கன்று 14 ரூபாய், பாட்டிலில் இருந்தபடியே வாங்கினால் செடிக்கு 6 ரூபாய். 200 அது, 200 இது.

நேரில் போனால் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்க விடுகிறார்கள், அதற்கே ஒரு ஸ்டார் கொடுக்கலாம். தாய்ச்செடியின் குருத்து நுனியை வெட்டி, கிருமி நீக்கி, அகார் என்ற கடல்பாசிக் கூழில் வைக்கிறார்கள். லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை, உப்புச் சத்துகள், தளிர் வெடிக்க வைக்கிற ஹார்மோன் எல்லாம் அந்தக் கூழிலேயே இருக்கிறது. 1962-இல் முராஷிகே, ஸ்கூக் என்ற ரெண்டு பேர் புகையிலைத் திசுவுக்காகப் போட்ட கணக்கைத்தான் இன்னமும் அடிப்படையாக வைத்திருக்கிறார்களாம். கூழை 121 டிகிரியில் ஆட்டோகிளேவில், பெரிய பிரஷர் குக்கர் மாதிரி, வேகவைத்த பிறகுதான் குருத்து உள்ளே போகும். வெட்டிய இடத்தில் கற்றாழை கறுத்துப்போகும், கத்தரிக்காய் கறுக்கிற மாதிரி, அதனால் கூழில் கரித்தூளும் கலக்கிறார்கள். ஒன்று நாலாகி, நாலு பதினாறாகி, மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை பிரித்து மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். வேலை செய்கிற அக்காமார் கை அவ்வளவு வேகம்.

இப்போது பாட்டில் கதை. கற்றாழைதானே, வேரோடு பிடுங்கிக் கூரையில் போட்டாலும் சாகாத செடி, இதற்கு என்ன பதப்படுத்தல் என்று நினைத்துக் கூழோடு எடுத்து நேராகச் செம்மண்ணில் நட்டேன். மறுநாள் மத்தியானமே பாதி துவண்டுவிட்டது. பாட்டிலுக்குள் காற்று முழுக்க ஈரம், சாப்பாடு கூழிலேயே வந்துவிடுகிறது, அதனால் இலைமேல் மெழுகுப் பூச்சு சரியாகக் கட்டியிருக்காது, இலைத்துளைகளுக்கு மூடப் பழக்கம் இருக்காது. வெளியே வந்ததும் உள்ளே இருக்கும் தண்ணீர் எல்லாம் போய்விடும். தப்பித்ததிலும் பலதைப் பூஞ்சணம் பிடித்தது, வேரில் ஒட்டியிருந்த கூழில்தான் சர்க்கரை இருக்கிறதே. வெதுவெதுப்பான தண்ணீரில் கூழைச் சுத்தமாகக் கழுவி, பூஞ்சணக் கொல்லியில் முக்கி, தென்னைநார்க் கழிவும் மணலும் கலந்த தட்டில் வைத்து, பாலிதீன் மூடி, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, அப்புறம் நிழல்வலை, அப்புறம்தான் வெயில். இதெல்லாம் செடி செத்த பிறகு போன் போட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டது. ஒரு துண்டுச் சீட்டில் அச்சடித்துப் பாட்டிலோடு வைத்தால் என்ன கேடு? 200-இல் 61 தேறியது. பாட்டில்களை அம்மா கழுவி அதில் சீரகம், வெந்தயம் போட்டு வைத்துவிட்டார்.

குழித்தட்டுக் கன்று வேறு ரகம். வழியில் ஏழு ஒடிந்தது, விளையில் பன்னிரண்டு போனது, மீதி 181 நிற்கிறது. ஆனால் முதல் மாதம் எனக்குத் தூக்கம் இல்லை. இலையெல்லாம் வெள்ளைப் புள்ளி, அதுவும் விசிறி மாதிரி ரெண்டு பக்கமாக மட்டும் வருகிறது. ஏமாற்றி ஏதோ அழகுச்செடியைத் தள்ளிவிட்டார்கள் என்று சண்டைக்கே தயாரானேன். கடைசியில், சின்ன வயதில் சோற்றுக் கற்றாழை அப்படித்தானாம், வளர வளரத்தான் சுற்றிலும் மடல் விடும், புள்ளியும் மங்கும். இத்தனை வருஷம் கற்றாழை போட்டும் நான் கவனித்ததில்லை.

இன்றைக்குப் பதினாலு மாதம். வரிசையில் நின்று பார்த்தால் எல்லாம் ஒரே உயரம், மடல் ஒரே கனம். வெட்டினால் மஞ்சள் பால் வழக்கம்போல வடிகிறது, சோறும் கெட்டியாக இருக்கிறது. ஒரே தாயின் நகல் என்பதால் அந்தத் தாய் நல்லதாக இருந்தால்தான் இதெல்லாம், அதனால் தாய்ச்செடியைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். மூன்று செடி மட்டும் மெலிந்து கோணலாக வளர்கிறது, அதிக முறை பிரித்த கூட்டத்தில் இப்படிச் சிலது மாறும் என்றார்கள்.

சான்றிதழ் விஷயத்தில் கொஞ்சம் கோபம். மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2006-இலிருந்து திசுச் செடிக்குச் சான்று முறை வைத்திருக்கிறது. கடையில் மாட்டியிருந்தது லேப்புக்கான அங்கீகாரம். நான் வாங்கிய அந்தக் கூட்டத்துச் செடிக்குத் தனிச் சான்று கேட்டேன், பேச்சை மாற்றினார்கள். திசு என்றாலே நோய் இல்லை என்று அர்த்தம் கிடையாது, பாக்டீரியா சில நேரம் திசுவுக்குள்ளேயே சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். நோய் இல்லாத கன்றும் தண்ணீர் நிற்கிற குழியில் அழுகத்தான் செய்யும், இந்தத் தடவை மேட்டுப்பாத்தி போட்டேன்.

மாடியில் ரெண்டு தொட்டி வைக்கிறவர்களுக்கு இது தண்டச் செலவு, பக்கத்து வீட்டில் கேளுங்கள். அழுகல் வந்த நிலத்தில் புதிதாகத் தொடங்குகிறவர்கள் குழித்தட்டு வாங்கலாம், ஐப்பசி மழைக்குள் வேர் பிடிக்கிற மாதிரி முன்கூட்டியே சொல்லிவையுங்கள், எனக்கு ரெண்டு மாதம் தாமதமாகத்தான் வந்தது. ஒடிந்த ஏழுக்குப் பணம் திருப்பிக் கொடுத்தார்கள். பாட்டிலுக்குக் கிடையாதாம், பில்லின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. போன வாரம் பக்கத்து விளை அண்ணாச்சி வந்து பக்கக் கன்று கேட்டார், சாக்கோடு.