கருந்துளைக் கணக்கும் ஒரு மழுங்கிய பொத்தானும்: ஆறு வருடப் பயன்பாடு

தடாவில் டியூஷன் எடுக்கும் நண்பர் கேட்டார்: "சார், உங்ககிட்ட இருக்கிற சயின்டிஃபிக் கால்குலேட்டரையே வாங்கிடலாமா?" 2024 ஜனவரி 1 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கருந்துளைகளை ஆராயும் எக்ஸ்போசாட் செயற்கைக்கோள் ஏறியதிலிருந்து அவருடைய பிள்ளைகளுக்குக் கருந்துளைப் பித்து.

முதலில் திட்டிவிடுகிறேன். இ.எக்ஸ்.பி. (EXP) பொத்தான், 10-இன் அடுக்கோடு எண்ணை ஒரே எண்ணாக உள்ளிடுவது! கருந்துளைக் கணக்கின் உயிரே அதில்தான். முதலில் மழுங்குவதும் அதுதான். பழவேற்காட்டு உப்புக் காற்றுக்கு அடியிலுள்ள கார்பன் தாங்குவதில்லை. ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தால் சில மாதம் ஓடும், அவ்வளவுதான்.

அது மக்கர் பண்ணும்போது ×10 என்று தட்டி அடுக்கு போடுவார்கள். வம்பு அங்கேதான். கருந்துளையின் ஆரத்துக்கு 2GM-ஐ (G ஈர்ப்பு மாறிலி, M நிறை) ஒளிவேகத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 2GM ÷ 9×10¹⁶ என்றால் கருவி 9-ஆல் வகுத்து, 10¹⁶-ஆல் பெருக்கிவிடும். சூரிய நிறைக்கு வரவேண்டிய ஆரம் 2,950 மீட்டர். திரையில் நிற்பது 2.95×10³⁵ மீட்டர். காணக்கூடிய அண்டத்தின் விட்டமே 8.8×10²⁶ மீட்டர்தான் ஐயா! 9×10¹⁶-ஐ அடைப்புக்குறிக்குள் போட்டால் சரியாகிவிடும். யார் போடுகிறார்கள்?

நியாயமாகச் சொன்னால் நல்லதும் உண்டு. மாறிலிகளைக் கருவியே நினைவில் வைத்திருக்கிறது: கான்ஸ்ட் 28 ஒளிவேகம், 39 ஈர்ப்பு மாறிலி. எண்ணைத் தப்பாக அடிக்கும் தொல்லை போயிற்று, இதற்காகவே பாராட்டலாம்.

ஹாக்கிங் ஆவியாதல் நேரத்தில், அதாவது கருந்துளை கதிர்வீசி மெல்லக் கரைந்துபோக ஆகும் காலத்தில், மறுபடி முறுக்கிக்கொள்ளும். அதில் நிறையின் கனம் (மும்மடி) வரும். பால்வீதி மையக் கருந்துளை 8.55×10³⁶ கிலோ, கனம் 10¹¹⁰-ஐத் தாண்டும். கருவியின் எல்லை 10¹⁰⁰. உடனே மேத் எரர். விடை எல்லைக்குள்தான் இருக்கிறது, வழியில்தான் முட்டுகிறது. சூரிய நிறைக்கு 2.1×10⁶⁷ ஆண்டு என்று வைத்து, 43 லட்சத்தின் கனத்தால் பெருக்குங்கள்: சுமார் 1.7×10⁸⁷ ஆண்டு.

இந்த விகித வழி பழகிவிட்டால் மற்றதெல்லாம் எளிது. பால்வீதி மையக் கருந்துளையைச் சுற்றும் எஸ்2 விண்மீனின் அரை நெட்டச்சு (நீள்வட்டப் பாதையின் நீண்ட அச்சில் பாதி) சுமார் 1,035 வானியல் அலகு (ஓர் அலகு என்பது பூமி-சூரியன் தூரம்), சுற்றுக்காலம் 16.05 ஆண்டு. 1035-ஐ மூன்று முறை பெருக்கி, 16.05-ஆல் இரண்டு முறை வகுத்தால் 43 லட்சம் சூரிய நிறை. அதை 2.95-ஆல் பெருக்கினால் ஆரம் 1.27 கோடி கிலோமீட்டர். எம்87 என்ற விண்மீன் மண்டலத்தின் மையக் கருந்துளையின் 650 கோடி சூரிய நிறைக்கும் அதே பெருக்கல்: 1,918 கோடி கிலோமீட்டர், 11 இலக்கம்.

ஆரம்பாக்கம் மீன் கடையில் இருக்கும் 12 இலக்கக் கால்குலேட்டரே போதும். என்னுடையதை வாங்காதீர்கள். இரவலும் கேட்காதீர்கள், தரமாட்டேன்.