ட்ரோன் பனோரமா, ஸ்டீரியோ படங்கள்: சில வருடங்கள் பகிர்ந்து பார்த்ததில்

ட்ரோனில் 360 பாகைப் படம் எடுப்பது இன்று ஒரு பொத்தான் வேலை. மேலே ஏற்றி நிறுத்தி, பனோரமாவில் கோள வகையைத் தேர்ந்து தட்டினால் போதும். அதுவே சுற்றிச் சுற்றி எடுத்து, ஒட்டியும் கொடுத்துவிடும். 2018இல் வந்த மேவிக் ஏர் 25 படங்களை எடுத்து 32 மெகாபிக்சல் கோளமாக்கித் தந்தது. அதற்கப்புறம் வந்த சின்ன ட்ரோன்கள் பலவும் இதைச் செய்கின்றன. ஆனால் அந்தப் படத்தை இன்னொருவர் தன் போனில் திறந்து, நாம் பார்த்த மாதிரியே பார்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. பனோரமாவையும், இரு கண்ணுக்கும் தனித்தனிப் படம் எடுத்து ஆழம் தெரியவைக்கும் ஸ்டீரியோவையும் வருடக்கணக்கில் பகிர்ந்துவருகிறேன். இப்போதெல்லாம் ட்ரோனை மேலே ஏற்றும் முன்பே, இதை யார், எதில் பார்க்கப்போகிறார்கள் என்று யோசித்துவிடுகிறேன். எடுக்கும் விதமே அதைப் பொறுத்து மாறுகிறது.

முதலில் கோளப் படம். கோப்பாகப் பார்த்தால் அது அகலம் இரண்டு, உயரம் ஒன்று என்ற விகிதத்தில் உள்ள சாதாரண ஜேபெக்தான். 8192க்கு 4096 பிக்சல் என்பது வழக்கமான அளவு. அதை விரலால் சுழற்றிப் பார்க்கவைப்பது கோப்புக்குள் ஒளிந்திருக்கும் சில வரி மெட்டாடேட்டா: ‘இது கோளப் படம், முழு அகலம் இவ்வளவு, உயரம் இவ்வளவு’ என்று சொல்லும் ஜிபனோ குறிப்புகள். கூகுள் போட்டோஸ் அதைப் படித்துச் சுழலவைக்கும். ஃபேஸ்புக்கும் 2016 முதல் 360 பாகைப் படங்களை ஏற்கிறது. செய்திச் செயலிகளில் படமாக அனுப்பினால் கதை வேறு. படத்தைச் சுருக்கி, கூடவே அந்தக் குறிப்புகளையும் உதறிவிடுகின்றன. எதிர்முனைக்குப் போய்ச் சேர்வது அடிப்பகுதி இழுபட்டு, சாலையெல்லாம் வில்லாய் வளைந்த ஒரு நீள்பட்டை. ‘ஏன் எல்லாம் வளைஞ்சிருக்கு?’ என்ற பதில் வந்தால் குறிப்பு கழன்றுவிட்டது என்று அர்த்தம்.

ஆவணமாக அனுப்பினால் கோப்பு அப்படியே போகும். சரி, ஆனால் அதைச் சுழற்றிக் காட்டும் செயலி அவரிடம் இருக்க வேண்டுமே! அதனால் தொழில்நுட்பத்தில் ஆர்வம் இல்லாதவர்களுக்குக் கோளக் கோப்பை அனுப்புவதையே நிறுத்திவிட்டேன். அவர்களுக்கு இணைப்பு மட்டும்தான். தட்டினால் உலாவியில் திறக்கும்.

இணைப்பு என்றதும் எங்கே ஏற்றுவது என்ற கேள்வி வரும். இந்தத் துறையில் தளங்களின் ஆயுள் குறைவு. மைக்ரோசாஃப்டின் ஃபோட்டோசிந்த் 2017இல் மூடப்பட்டது. கூகுளின் தனி ஸ்ட்ரீட் வியூ செயலி 2023இல் விடைபெற்றது. ஃபோட்டோசிந்தை நம்பிப் பக்கங்களில் பதித்துவைத்தவர்களுக்கு எஞ்சியது வெற்றுப் பெட்டி. இலவசமாகக் கிடைக்கிறது என்று ஒரே தளத்தில் எல்லாவற்றையும் கொட்டிவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. சொந்தமாக ஒரு சின்ன வலைப்பக்கம் இருந்தால், பன்னெல்லம் என்ற திறந்தமூலக் காட்டியை அதில் வைத்துவிடலாம். சில கோப்புகளை ஏற்றினால் வேலை முடிந்தது. யாருக்கும் மாதச் சந்தா கட்ட வேண்டியதில்லை. ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. பழைய போன்களின் கிராஃபிக்ஸ் சிப் 4096 பிக்சலுக்கு மேல் அகலமான படத்தை ஒரே மூச்சில் ஏற்றாது. படம் திறக்காமலே போகலாம். படத்தைப் பல அளவுகளில் சிறுசிறு ஓடுகளாக வெட்டி வைத்தால், பார்க்கும் பகுதிக்கு வேண்டிய ஓடுகளை மட்டும் அது இறக்கிக்கொள்ளும். வெட்டித்தரும் நிரலும் பன்னெல்லத்தோடு வருகிறது. மெதுவான இணைப்பில் இருப்பவர்களுக்கும் இது பெரிய உதவி.

தரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ட்ரோன் தானே ஒட்டித் தரும் கோளம் அவசரத்துக்கு ஆகும். நிறம் ஒரே சீராக வர வேண்டுமென்றால் எக்ஸ்போஷரையும் (ஒளியளவு) வைட் பேலன்ஸையும் (நிறச் சமநிலை) பூட்டிவிட்டு எடுங்கள். தானியங்கியில் விட்டால் வானத்தில் பட்டை பட்டையாக நிறம் மாறும். பெரிய திரையில் அது அப்பட்டமாகத் தெரியும். பக்கத்தில் மரமோ கோபுரமோ இருந்தால் ஒட்டு விலகும். காற்றில் ட்ரோன் ஓரடி நகர்ந்தாலே கிட்டத்துப் பொருள் இடம் மாறிவிடும். தூரத்து மலைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. எல்லாத் திசையிலும் போதிய இடைவெளி விட்டு எடுத்த படங்கள்தாம் எனக்குச் சுத்தமாக ஒட்டியிருக்கின்றன.

அப்புறம் உச்சி வானம். பல ட்ரோன்களில் கேமரா நேர் மேலே திரும்பாது. கேமராவைத் தாங்கித் திருப்பும் கிம்பல் ஓரளவுக்குத்தான் நிமிரும். அதனால் கோளத்தின் உச்சியில் ஒரு ஓட்டை விழும். அதை மென்பொருள்தான் சுற்றியுள்ள நீலத்தைக் கொண்டு பூசி நிரப்புகிறது. தெளிந்த வானத்தில் யாருக்கும் தெரியாது. மேகம் இருந்தால் உச்சியில் ஒரு சுழி தெரியும். அந்த வட்டம் ஒளிப்படமே இல்லை என்பதைப் படத்தின் கீழே ஒரு வரி எழுதிவிடுவது என் வழக்கம். சொந்தமாக ஒட்டுவதென்றால் அதற்கான மென்பொருள்களில் ஹ்யூகின் இலவசம், பிடிகுய் விலைக்கு. ஹ்யூகினில் எல்லாம் முடியும், பொறுமை வேண்டும். வானமும் கடலும் மட்டுமே விழுந்த படங்களில், அடுத்த படத்தோடு பொருத்திப் பார்க்க ஒத்த புள்ளி கிடைக்காமல் அது தடுமாறும்போது பிடிகுய் பரவாயில்லை. எதைப் பயன்படுத்தினாலும் மூலப் படங்கள் கையில் இருந்தால்தான் உண்டு. அமைப்புகளில் அவற்றையும் சேமிக்கச் சொல்லும் தேர்வு பெரும்பாலும் இருக்கும்; முதல் வேலையாக அதை இயக்கிவிடுங்கள். பழைய மூலங்களைப் புதிய மென்பொருளில் மறுபடி ஒட்டும்போது வரும் வித்தியாசம் லேசுப்பட்டதல்ல.

பார்ப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். பெரும்பாலானோர் படத்தைச் சுழற்றுவதே இல்லை! திறந்ததும் எது தெரிகிறதோ அதைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் அசைத்துவிட்டு மூடிவிடுகிறார்கள். ஆகவே தொடக்கத் திசையைத் தேர்ந்து வைப்பது முக்கியம். வடக்கோ, ட்ரோன் நின்ற திசையோ எதுவாக இருந்தாலும் பரவாயில்லை என்று விட்டுவிட்டால், நாம் காட்ட நினைத்தது முதுகுப் பக்கம் போய்விடும். அதைவிட எளிது, கோளத்திலிருந்து ஓர் அகலப் படத்தை வெட்டி அனுப்புவது. என்னிடம் பேச்சை வளர்த்தவை எல்லாம் அப்படி வெட்டிய தட்டைப் படங்கள்தாம். கோளத்தைப் பந்தாகச் சுருட்டும் ‘குட்டிக் கிரகம்’ முதல் தடவை எல்லோருக்கும் பிடிக்கும். மூன்றாவது தடவை எனக்கே சலித்துவிட்டது.

இனி ஸ்டீரியோ. என் மனசு ஒட்டிக்கொண்டது இதில்தான்.

நம் இரு கண்களுக்கும் இடையே சுமார் 65 மில்லிமீட்டர் தூரம். நூறு மீட்டர் உயரத்திலிருந்து பார்க்கும்போது அந்த இடைவெளியால் ஆழம் அவ்வளவாகத் தெரிவதில்லை. ஊரே தட்டையாகக் கிடக்கும். ட்ரோன் இருந்தால் இடைவெளியை நாமே கூட்டிக்கொள்ளலாம். ஒரு படம் எடுத்துவிட்டு, கேமராவைத் திருப்பாமல் பக்கவாட்டில் நகர்ந்து இன்னொன்று எடுக்க வேண்டும். எவ்வளவு நகர்வது என்பதற்கு ஸ்டீரியோக்காரர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு: மிக அருகிலுள்ள பொருளின் தூரத்தில் முப்பதில் ஒரு பங்கு. அந்தப் பொருள் 60 மீட்டரில் இருந்தால் 2 மீட்டர். அடிவானம் வரை தெரியும் காட்சிக்கு இது சரியாக வரும்.

நேர் கீழே பார்த்து எடுக்கும்போது கணக்கு தளரும். 100 மீட்டர் உயரத்தில் நிற்கிறோம், கீழே உயரமான மரம் 20 மீட்டர் என்று வையுங்கள். மிகக் கிட்டம் 80, மிகத் தூரம் 100. நடுவில் வித்தியாசம் குறைவு. அங்கே 10 மீட்டர்கூட நகரலாம். கண் தாங்கிக்கொள்ளும், மரங்கள் எழுந்து நிற்கும். நில அளவைக்காரர்கள் அடுத்தடுத்த படங்களில் 60 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு பறப்பார்கள். சாதாரண ட்ரோன் லென்ஸில், அதே உயரத்தில் இது 40 மீட்டரைத் தாண்டிய நகர்வு. அளப்பதற்கு அருமை; ரசித்துப் பார்க்க உட்கார்ந்தால் கண் வலிக்கும். அதனால் நான் மெதுவாக முன்னோக்கிப் பறந்தபடி குறைந்த இடைவெளியில் தொடர்ச்சியாக எடுத்துவிட்டு, வீட்டில் உட்கார்ந்து வெவ்வேறு ஜோடிகளைப் போட்டுப் பார்க்கிறேன். பறந்த திசை இடம் வலமாக அமையும்படி இரண்டு படங்களையும் திருப்ப வேண்டும், அவ்வளவுதான்.

ஜோடியில் இடம் வலம் மாறிவிட்டால் வேடிக்கை. கட்டடங்கள் குழிகளாகும், குளம் மேடாகும். சரிபார்க்க ஒரு வழி: இடக்கண் படத்தில் மர உச்சி, தரையோடு ஒப்பிட்டால் வலப்பக்கம் தள்ளித் தெரிய வேண்டும். மேல்கீழாகச் சில பிக்சல் விலகியிருந்தாலும் தலை கனக்கும். ஸ்டீரியோஃபோட்டோ மேக்கர் என்ற இலவச மென்பொருள் அதைத் தானாகச் சரிசெய்கிறது. சரிசெய்யவே முடியாதது நேரம். ஒரே ட்ரோன் என்பதால் இரண்டு படங்களுக்கும் நடுவே சில நொடிகள் ஓடிவிடும். ஓடும் வண்டி இரண்டு இடத்தில் இருக்கும். அலை ஒரு கண்ணில் ஒன்று, மறு கண்ணில் வேறு. பார்த்தால் நீர் கண்ணைக் கூசவைக்கும். பாறை, கட்டடம், காற்றில்லாத நேரத்து மரம்: ஸ்டீரியோவுக்கு இவைதான் தோது.

எல்லாம் சரியாக அமைந்தால் காட்சி ஒரு மாதிரி பொம்மையூர் ஆகிவிடும். கண்ணிடைவெளி கூடியதால் மூளை தன்னை ராட்சசனாகவும் ஊரைச் சின்னதாகவும் எடுத்துக்கொள்கிறது. சிலருக்கு இது பிடிக்காது, ‘நிஜம் மாதிரி இல்லையே’ என்பார்கள். எனக்கு நிலத்தின் ஏற்ற இறக்கம் வேறெதிலும் இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததில்லை.

பகிர்வதில்தான் மறுபடி முட்டல். ஜோடியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இடக்கண் இடப் படத்தையும் வலக்கண் வலப் படத்தையும் பார்க்கும்படி வெறும் கண்ணால் நேராகப் பார்ப்பது ஒரு முறை. இரண்டு படங்களிலும் ஒத்த புள்ளிகளுக்கு நடுவே 65 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. நிமிர்த்திப் பிடித்த போன் திரை இதற்கு நன்றாகவே பொருந்தும். பெரிய திரைக்கு இடம் வலம் மாற்றி வைத்து, இரு கண்களையும் மூக்குப் பக்கம் திருப்பிப் பார்க்க வேண்டும். இரண்டுமே பழக்கத்தில் வருபவை. சிலருக்கு என்ன செய்தாலும் வராது. சிவப்பு, நீலப்பச்சைக் கண்ணாடியில் பார்க்கும் அனாகிளிஃப் 1853இலேயே விவரிக்கப்பட்ட உத்தி. கண்ணாடி மட்டும் இருந்தால் பெரும்பாலானோருக்குத் தெரியும். ஆனால் சிவப்பு ஓட்டுக் கூரை ஒரு கண்ணுக்கு வெளுத்தும் மறு கண்ணுக்குக் கறுத்தும் தெரிந்து மினுமினுக்கும். கறுப்பு வெள்ளையாக மாற்றிவிட்டு அனாகிளிஃப் செய்தால் அந்தத் தொல்லை இல்லை. ஜேபெக் சுருக்கம் நிற விவரத்தைத்தான் முதலில் குறைக்கும். அப்போது ஒரு கண்ணின் படம் மறு கண்ணுக்குள் நிழலாகக் கசியும். செய்திச் செயலியில் அனுப்பிய அனாகிளிஃப் கெட்டுப்போவதற்கு இது ஒரு காரணம்.

எந்தக் கருவியும் இல்லாதவர்களுக்கு, இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிக் காட்டும் ஆடும் ஜிஃப் போதும். கொஞ்சம் மலிவான வித்தைதான். ஆனால் ‘ஓ, இது மேடா!’ என்று உடனே புரிந்துகொள்கிறார்கள். போனைச் செருகிப் பார்க்கும் அட்டைப்பெட்டி விஆர் காட்டியைக் கூகுள் 2021இல் விற்பதை நிறுத்திவிட்டது. அதே அமைப்பில் மற்றவர்கள் செய்தவற்றில் பார்க்கலாம். விஆர் ஹெட்செட் வைத்திருப்பவருக்குப் பக்கம் பக்கமாக அமைந்த முழு அளவுக் கோப்பை அனுப்புவேன். இந்தப் படங்களை முழு நிறத்தில், சிரமமில்லாமல் பார்க்க அதைவிட நல்ல வழியை நான் காணவில்லை. இரண்டு படங்களையும் ஒரே கோப்பில் அடக்கும் எம்பிஓ வடிவில் மட்டும் அனுப்பாதீர்கள். பல போன்கள் அதில் முதல் படத்தை மட்டுமே காட்டும்.

இரண்டையும் சேர்த்து முப்பரிமாணக் கோளம் செய்ய முடியாதா என்று பலர் கேட்கிறார்கள். இரண்டு மீட்டர் தள்ளி இரண்டு கோளம் எடுத்தால், நேர் முன்னே ஆழம் பிரமாதமாக இருக்கும். பக்கவாட்டில் திரும்பினால் இரண்டு கேமராவும் ஒரே கோட்டில் நிற்பதால் ஆழம் காணாமல் போகும். பின்னால் திரும்பினால் இடம் வலமாகி, எல்லாம் குழியாகும். முன்பக்கத்துச் சுமார் 90 பாகையை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடுவதே மேல்.

கடைசியாக, பொதுவில் ஏற்றும் முன் கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ட்ரோன் கோப்பில் இடக்குறிப்பு, உயரம், கேமரா நோக்கிய திசை எல்லாம் பதிவாகியிருக்கும். மெட்டாடேட்டாவைத் திருத்தும் எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருளில் எல்லாவற்றையும் அழித்தால் கோளக் குறிப்பும் சேர்ந்து போய்விடும். ஜிபிஎஸ் குறிப்பை அழித்துவிட்டு, ட்ரோன் நிறுவனம் தனியாக எழுதிய பகுதியிலும் இடம் பதிவாகியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்து நீக்குங்கள். ஜிபனோ அப்படியே இருக்கட்டும். கோளத்தில் வேண்டாததை வெட்டித்தள்ளவும் வழியில்லை. அடுத்த வீட்டு மொட்டைமாடியும் அதில் துணி உலர்த்துகிறவரும் சேர்ந்தே வருவார்கள். அந்த இடங்களைத் தட்டைக் கோப்பிலேயே மங்கலாக்கிவிட்டு, அப்புறம் ஓடுகளாக வெட்டுங்கள். ஓடு வெட்டிய பிறகு திருத்தினால் ஒவ்வோர் அளவிலும் மறுபடி செய்ய வேண்டிவரும்.