என்8என்னா, நோட்-ரெட்டா?

பாளையங்கோட்டைக் கடைக்காரர்கள், ஆர்டர் வந்ததும் தானாகக் கணக்கில் ஏற, செயலிகளை இணைத்து வேலை வாங்கும் என்8என் (n8n), நோட்-ரெட் (Node-RED) மென்பொருள்களில் எதைப் போடலாம் என்கிறார்கள். இரண்டையும் சொந்த சர்வரில் இலவசமாக ஓட்டலாம். மூல நிரலும் பார்வைக்கு உண்டு. வம்பு உரிமத்தில்தான்.

உரிமம்: என்8என், 2022 முதல் சஸ்டெய்னபிள் யூஸ் (சொந்த உபயோகத்துக்குச் சரி, விற்பதற்குக் கட்டுப்பாடு). நோட்-ரெட், அப்பாச்சி 2.0 (வியாபாரத்துக்கும் தடையில்லாத திறந்த உரிமம்).

சொந்தக் கடைக்கு: இரண்டும் சரி. என்8என்னில் ‘.ee.’ (ஈஈ) என்று பெயருள்ள கோப்புகளுக்கு மட்டும் தனி உரிமம், அதற்குக் காசு.

அடுத்தவருக்கு: டவுண் அல்வாக் கடைக்கு என்8என்னை நிறுவிக் கொடுத்துக் கூலி வாங்கலாம். உங்கள் சர்வரில் ஓட்டி, ஊருக்கெல்லாம் மாதச் சந்தாவுக்கு விட்டால்? கூடாது, தனி ஒப்பந்தம் வேண்டும். நோட்-ரெட்டில் அந்தத் தடையே கிடையாது.

பழக: ஜிமெயில், கூகுள் ஷீட் வேலைக்கு என்8என் சுலபம்.

ஒரு கடைதான் என்றால் என்8என் போடுங்கள். சந்தா வியாபாரமோ, தோட்டத்து மோட்டார் சென்சாரோ என்றால் நோட்-ரெட்.