மண் தின்னிக்கு ஜல்லி போட்டுக் கொடுத்த கடை

ஜியோபேகஸ் என்ற தொட்டி மீனை வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். நான் எதையும் படிக்காமல் போனவன்.

தொட்டி, ஃபில்டர், மீன் எல்லாவற்றையும் ஒரே கடையில் எடுத்தேன். "நாங்களே செட் பண்ணிக் கொடுத்துடுறோம் சார், நீங்க தீனி போட்டா போதும்" என்றார் கடைக்காரர். மூன்றடித் தொட்டி. அடியில் நீல நிற ஜல்லி, அதற்கும் கீழே, தண்ணீரை ஜல்லி வழியாகக் கீழே இழுத்து வடிகட்டும் தட்டு ஃபில்டர். ஜியோபேகஸ் சேர்ந்த மீன் குடும்பமான சிக்லிட் என்றால் இது அவசியம் என்று சொல்லிப் பவளத் துண்டுகளையும் கொட்டினார். இரண்டு அங்குலக் குஞ்சுகள் ஆறு. எவ்வளவு பெரிதாகும் என்று கேட்டேன். "தொட்டிக்குத் தகுந்த மாதிரிதான் வளரும்." அன்று மாலையே மீனையும் விட்டாயிற்று.

பத்து நாளில் மூன்று செத்தன. போய்க் கேட்டால், அந்த லாட் மீனே பலவீனமாம், இன்னும் நாலு வாங்கிப் போடச் சொன்னார். புதுத் தொட்டியில் கழிவை மாற்றும் பாக்டீரியா பெருகவே நாலு முதல் ஆறு வாரம் ஆகும், அதுவரை அமோனியா மீனைக் கொல்லும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன? அமோனியா சோதனைப் பெட்டி அவர் தலைக்கு மேல் அலமாரியிலேயே இருந்தது.

மிஞ்சிய மூன்றைப் பார்க்கத்தான் மனம் கேட்கவில்லை. ஜியோபேகஸ் என்ற கிரேக்கப் பெயருக்கே மண் தின்னி என்றுதான் பொருள். வாய் நிறைய மணலை அள்ளிச் சலித்து, இரையை மட்டும் நிறுத்திக்கொண்டு மீதியைச் செவுள் வழியாக உதிர்ப்பது அதன் பிழைப்பு. இவையோ ஒவ்வொரு கல்லாகக் கவ்வுவதும் துப்புவதுமாக இருந்தன. உதட்டில் புண் வந்தது. அவை தோண்டிய இடத்தில் தட்டு வெளியே தெரிய, தண்ணீர் அந்த வழியாகவே இறங்கிவிட்டது. மற்ற ஜல்லிக்குள் அழுக்கு அப்படியே தங்கியது.

பவளமும் தப்பு. அது தண்ணீரின் கடினத்தன்மையையும் பிஹெச்சையும் ஏற்றும். ஆப்பிரிக்காவின் மலாவி, டாங்கனிகா ஏரிகளில் வாழும் சிக்லிட்டுகளுக்குச் சரி. அமேசான் பக்கத்து மீனான இதற்கு எதற்கு?

அப்புறம் எல்லாவற்றையும் கலைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம், கிட்டத்தட்ட 680 லிட்டர். இந்த மீன் 20, 25 சென்டிமீட்டர் வளரும், கூட்டமாக இருந்தால்தான் நிம்மதியாக இருக்கும். கூர்மையில்லாத மெல்லிய மணல். தொட்டிக்கு வெளியே வைக்கும் கேனிஸ்டர் ஃபில்டரின் உறிஞ்சுகுழாயை உயர்த்தி ஸ்பாஞ்ச் மாட்டினேன், இல்லையென்றால் மணல் உள்ளே போய் மோட்டாரை அரித்துவிடும். செடி நட்டால் மறுநாளே பிடுங்கிவிடும் என்பதால் மண் இல்லாமலே வளரும் அனுபியாஸ் செடியை மரக்கட்டையில் கட்டியதோடு சரி. வாரம் பாதித் தண்ணீர் மாற்றுகிறேன்.

போன மாதம் பழைய தொட்டியைத் திருப்பி எடுத்துக்கொள்வாரா என்று கேட்க அதே கடைக்குப் போனேன். உள்ளறைக் கதவு திறந்திருந்தது. அவர் தனக்கென்று வளர்க்கும் பெரிய ஜியோபேகஸ்கள் அங்கே நீந்திக்கொண்டிருந்தன. கீழே வெறும் மணல்.