குடும்பப் பெயரைத் தேட ஃப்ரீபிஎம்டி: எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

இங்கிலாந்து, வேல்ஸ் குடும்பப் பெயர் ஒன்று எந்த வட்டாரத்தில் இருந்தது, எங்கே பரவியது என்று பார்க்க, காசு கேட்காத முதல் இடம் ஃப்ரீபிஎம்டி என்ற இணையதளம். 1837 ஜூலை 1-இல் தொடங்கிய அரசுப் பதிவின் பிறப்பு, திருமண, இறப்பு அட்டவணைகளைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து ஏற்றியிருக்கிறார்கள். பெயருக்கு அர்த்தம் சொல்லாது. ஆட்கள் இருந்த இடத்தைக் காட்டும். 'உங்கள் குடும்பச் சின்னம்' என்று படச்சட்டம் போட்டு விற்பதை வாங்குவதைவிட இது எவ்வளவோ மேல். அங்கே மரபுச் சின்னம் தனி ஆளுக்கும் அவர் வழித்தோன்றல்களுக்கும் உரியது, பெயருக்கு அல்ல.

போல்கிங்ஹார்ன் என்ற, இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான கார்ன்வாலின் பெயரைப் போட்டுப் பாருங்கள். அங்கே குவினியர் என்ற தேவாலயப் பங்கிலுள்ள ஓர் இடத்தின் பெயரிலிருந்து வந்தது. 'பிறப்பு' தேர்ந்தெடுத்து, கவுன்டியை (மாவட்டம் போன்ற பிரிவு) காலியாக விட்டு, 1837–1851, 1881–1890 என்று இருமுறை தேடி, எந்தப் பதிவு மாவட்டத்தில் எத்தனை பேர் என்று எண்ணிக்கொள்ளுங்கள். இடப்பெயர்வு கண்ணில் படும். 1866-இல் செம்புத் தொழில் சரிந்தபின் கார்ன்வால் சுரங்கத் தொழிலாளர்கள் பலர் வடக்கே இரும்புச் சுரங்கங்களுக்குப் போனார்கள். ஆஸ்திரேலியாவின் மூன்டாவுக்கோ இந்தியாவின் கோலாருக்கோ கப்பலேறியவர்கள் இதில் வரமாட்டார்கள்; எண்ணிக்கை குறைந்தால் வம்சம் அற்றுப்போனதாக முடிவுகட்ட வேண்டாம்.

ஒலிப்புத் தேடலில்தான் பலர் சறுக்குவது. ஒலி ஒத்த பெயர்களுக்கு ஒரே குறியீடு தரும் சவுன்டெக்ஸ் முறையில் போல்கிங்ஹார்னுக்கும் லங்காஷயரின் பில்கிங்டனுக்கும் ஒரே குறியீடு, பி425. கவுன்டியைக் குறிப்பிடாவிட்டால் இரண்டும் கலந்து கொட்டும். முதல் எழுத்தே மாறியிருந்தால் (ஹாஸ்கின், ஆஸ்கின்) இந்த முறை கண்டுபிடிக்கவே செய்யாது. தனித்தனியாகத் தேட வேண்டும்.

அட்டவணையில் வரும் காலாண்டு என்பது பதிவு நடந்த காலாண்டு, பிறந்தது அல்ல. பதிய 42 நாள் அவகாசம் உண்டு; டிசம்பர் குழந்தை மார்ச் காலாண்டில் (ஜனவரி–மார்ச்) இருக்கலாம். 1875-க்கு முன் பதியாமலே விட்ட பிறப்புகளும் உண்டு. 1912-க்கு முந்தைய திருமணத்தில் துணையின் பெயர் இராது. பக்க எண்ணைச் சொடுக்கினால் அதே பக்கத்தில் பதிவானவர்கள் வருவார்கள், அவர்களில் ஒருவர்தான் துணை. தாயின் பிறந்தவீட்டுப் பெயர் இங்கே 1911 செப்டம்பர் காலாண்டிலிருந்துதான். அதற்கு முந்தையதை அரசுப் பதிவு அலுவலகத்தின் சொந்த அட்டவணையில் பார்க்கலாம். அதுவும் இலவசம், கணக்கு மட்டும் தொடங்க வேண்டும். சான்றிதழுக்குத்தான் பணம்.

ஸ்காட்லாந்து இதில் இல்லை. அங்கே பதிவு 1855-இல்தான் தொடங்கியது, தளமும் வேறு. 1837-க்கு முன்னால் போக, 1538-இலிருந்து வைக்கச் சொன்ன தேவாலயப் பதிவேடுகளைத்தான் புரட்ட வேண்டும்.