குழந்தைகளிடம் கருத்துக் கேட்க எது நல்லது: ஸ்மைலி படிவமா, குழுப் பேச்சா, கேமராவா?

நூலகமோ மருத்துவமனையோ விளையாட்டுத் திடலோ, குழந்தைகள் வந்துபோகும் இடம் எப்படி இருக்கிறது என்று பெற்றோரிடம் மட்டும் கேட்டுவிட்டுப் போவது தப்பு. தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையை 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை, 12ஆம் பிரிவில் அவர்களுக்கே தருகிறது. சரி, எப்படிக் கேட்பது?

பெரும்பாலானோர் முதலில் எடுப்பது, சிரித்த முகம், வாடிய முகம் என்ற படங்களில் ஒன்றைத் தொட்டுக் காட்டச் சொல்லும் ஸ்மைலி படிவத்தைத்தான். செலவு குறைவு, எண்ணிக்கை சட்டென்று கிடைக்கும். ஆனால் சின்னக் குழந்தைகள் எதைக் கேட்டாலும் பெரிய சிரிப்பு முகத்தையே தொடுவார்கள், அதிலும் ஊசி போட்ட நர்ஸே பக்கத்தில் நின்று படிவத்தை நீட்டினால் கேட்கவே வேண்டாம். இன்னொரு சிக்கல், கேள்விகள் எல்லாம் பெரியவர்கள் யோசித்தவை. 'காத்திருக்கும் அறை பிடித்ததா?' என்று கேட்டால், கழிப்பறைத் தாழ்ப்பாள் எட்டவில்லை என்பதை அந்தக் குழந்தை எங்கே போய்ச் சொல்லும்?

குழுப் பேச்சு இதைவிட மேல். ஒரு பிள்ளை தொடங்கினால் இன்னொன்று 'எனக்கும் அப்படித்தான்' என்று தொடரும், நாம் நினைத்தே பார்க்காத விஷயம் வெளியே வரும். ஆனால் நன்றாகப் பேசுகிற இரண்டு பேர் சொல்வதே எல்லாருடைய கருத்தாகிவிடும். பதின்பருவத்தினர் கூச்சமான விஷயத்தை நண்பர்கள் முன்னால் சொல்லவே மாட்டார்கள், அவர்களுக்குப் பெயர் எழுதாத சீட்டு போதும்.

ஏழு வயதுக்குக் கீழே என்றால் என் ஓட்டு கேமராவுக்குத்தான். ஆய்வாளர்கள் அலிசன் கிளார்க், பீட்டர் மாஸ் இருவரும் 2001இல் முன்வைத்த மொசைக் அணுகுமுறையில், அதாவது பல வழிகளில் கேட்டதைத் துண்டு துண்டாகச் சேர்த்துச் சின்னக் குழந்தைகளின் கருத்தைப் புரிந்துகொள்ளும் முறையில், இதுவும் ஒரு பகுதி: கேமராவைக் குழந்தையிடம் கொடுத்து, 'உன் இடத்தைச் சுற்றிக் காட்டு' என்று பின்னாலேயே போக வேண்டும். படத்தில் வரவேற்பு மேசையின் மரப்பலகை மட்டும் தெரியும், ஏனென்றால் அந்த உயரத்தில் இருந்து பார்த்தால் மேசைக்குப் பின்னால் இருப்பவர் முகமே தெரியாது. நேரம் நிறையப் பிடிக்கும்தான். படத்தை மட்டும் வைத்து நாமாக அர்த்தம் சொல்லிக்கொள்ளாமல், 'இதை ஏன் எடுத்தாய்?' என்று கூட உட்கார்ந்து கேட்க வேண்டும். மற்றக் குழந்தைகளின் முகம் விழுந்த படங்களை அனுமதி இல்லாமல் வைத்திருக்கக் கூடாது.

அப்படியானால் ஸ்மைலி படிவம் வேண்டவே வேண்டாமா? வேண்டும், கடைசியில். என்ன கேட்க வேண்டும் என்பது குழந்தைகளிடமிருந்தே வந்த பிறகு, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

எந்த வழியில் கேட்டாலும் பலர் கோட்டைவிடுவது அதற்கு அப்புறம்தான். குழந்தை உரிமை ஆய்வாளர் லாரா லண்டி, குழந்தைகளின் கருத்துரிமை நிஜமாக நான்கு விஷயங்கள் வேண்டும் என்று 2007இல் சொன்னார்: பேச இடம், குரல், கேட்க ஆள், அதனால் ஒரு விளைவு. முதல் இரண்டோடு நின்றுவிடுகிறார்கள். எது மாறியது, எதை மாற்ற முடியவில்லை, ஏன் என்பதைச் சொன்ன குழந்தையிடமே போய்ச் சொல்லுங்கள், அதுவும் அந்தக் குழந்தை அங்கே வந்துகொண்டிருக்கும்போதே.